மஞ்சளானது எந்த இலை?

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நிற்கும் செவ்வரத்தைக்கும் கோயம்புத்தூர் வாசலில் நிற்கும் செம்பருத்திக்கும் வருகிற கேடுகள் பெரும்பாலும் ஒன்றுதான். இலை மஞ்சளாகும். கொழுந்து சுருளும். தண்டில் வெள்ளைப் பஞ்சு அப்பும். இலைமேல் கரி பூசியதுபோலக் கறுப்புப் படியும். வேறுபடுவது, அதைக் கண்டதும் வீட்டுக்காரர் செய்கிற முதல் காரியம். கோவைப் பக்கம் ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போவார்கள். “ஏனுங்க, இலையெல்லாம் சுருண்டு போச்சுங்க, என்னங்க அடிக்கலாம்?” என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு புட்டி வரும். யாழ்ப்பாணத்தில் அடுப்புச் சாம்பலைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு செடியடிக்குப் போவார்கள். புட்டியும் சாம்பலும் பல நேரம் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே செடியைப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

நான் பிறந்த ஊர் யாழ்ப்பாணம். இப்போது இருப்பது கோவை. பெயர் இரண்டானாலும் செடி ஒன்றுதான், இரண்டு இடத்திலும் அது இல்லாத வீட்டில் நான் இருந்ததில்லை. பூ பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் போகிறது, இலை அரைபட்டுத் தலைக்குப் போகிறது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். பருத்திக்காட்டுக்கு அடிக்கிற நஞ்சைச் செடிக்கு அடித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அதே இலையைப் பறித்துப் பிள்ளையின் தலையில் தேய்க்கிற வீடுகள் இரண்டு கரையிலும் இருக்கின்றன. அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சளிலிருந்து தொடங்கலாம். இலை மஞ்சளாகிவிட்டது என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மஞ்சளானது எந்த இலை? அடியில் இருக்கும் முதிர்ந்த இலையா, நுனியில் இருக்கும் கொழுந்திலையா? தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை முதலில் வெளிறும். தழைச்சத்துக் குறைவென்றால் இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். மக்னீசியம் குறைந்தால் நரம்போரம் பச்சை நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்பு அப்படி இடம்பெயராது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும். நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரியும். கேடு முற்றினால் கொழுந்து ஏறக்குறைய வெள்ளையாகவே விரியும். மண் பரிசோதனையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இரண்டு கண்ணும், செடியின் அடியையும் நுனியையும் ஒருசேரப் பார்க்கிற பொறுமையும் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் செவ்வரத்தைக் கொழுந்து மஞ்சளானால் பெரும்பாலும் இரும்பைத்தான் நினைக்க வேண்டும். நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுநீர் அந்தக் கல்லினூடாக வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ஒவ்வொரு நாளும் செடியடிக்கும் போகிறது. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பின் சிவப்புதான். ஆனால் காரத்தன்மை கூடக்கூட அந்த இரும்பு நீரில் கரையாது. கார அளவு ஒரு படி ஏறினால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது மண்ணியலின் பாலபாடம். இரும்பு நிறைந்த மண்ணில் நின்றுகொண்டே செடி இரும்புக்கு ஏங்குகிறது.

இந்த இடத்தில்தான் சாம்பல் தீங்கு செய்கிறது. விறகுச் சாம்பல் கடுமையான காரம். அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து, கொஞ்சம் பொட்டாசியம். அமில மண்ணில் அதற்கு மதிப்பு உண்டு. சுண்ணாம்பு நிலத்தில், கொழுந்து வெளிறி நிற்கும் செவ்வரத்தையின் அடியில் சாம்பலைக் கொட்டுவது அந்தச் செடி ஏங்குகிற இரும்பை மேலும் பூட்டி வைப்பது. செடி இன்னும் மஞ்சளாகும், இன்னும் கொஞ்சம் சாம்பல் விழும். பல வீட்டு முற்றங்களில் இதைக் கண்டிருக்கிறேன். ஆச்சிமாரின் கைப்பழக்கத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது. ஆனால் இந்த ஒன்றை நிறுத்தத்தான் வேண்டும். கத்தரிக்கும் பயிற்றைக்கும் அழுக்கணவன் எனும் அசுவினி பிடித்தால் இலைமேல் சாம்பல் தூவுவது வேறு கதை, அதற்கு ஓரளவு பலன் உண்டு. வேரடியில் குவிப்பதற்கு இல்லை.

இலங்கைக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பு, கம்பகா, கண்டிப் பக்கத்து மண் மழையில் கழுவுண்டு அமிலமாகிப் போன மண். அங்கே அதே செவ்வரத்தையின் அடி இலைகள் மக்னீசியம் இல்லாமல் மஞ்சளாகின்றன. டொலமைட் போடச் சொல்கிறார்கள், போட்டால் செடி தெளிகிறது. அந்த அறிவுரை வானொலி வழியாகவோ, தெற்கில் வேலை செய்யும் மகன் வழியாகவோ வடக்கே வந்து சேரும். டொலமைட்டும் சுண்ணாம்பின் இனம்தான். கம்பகாவில் மருந்தானது கோப்பாயில் நோயைக் கூட்டும். இந்தியாவிலும் இப்படித்தான்: நீலகிரியின் புளித்த மண்ணுக்குச் சொன்னதைச் சூலூரின் சுண்ணாம்புக் கரிசலுக்குச் சொல்ல முடியாது.

கோவை மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலம் யாழ்ப்பாணத்துக்குச் சற்றும் குறையாத காரம். ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினம். கொழுந்து வெளிறும் நோய் இங்கும் நிறையவே உண்டு. இங்கே யாரும் சாம்பல் போடுவதில்லை. அதற்குப் பதில் யூரியா போடுகிறார்கள், டி.ஏ.பி. போடுகிறார்கள். இலை மஞ்சள் என்றால் உரம் போதவில்லை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. செம்பருத்திக்கு மணிச்சத்து அதிகமானால் இரும்பை எடுத்துக்கொள்வது இன்னும் கடினமாகும். டி.ஏ.பி.யில் நிறைந்திருப்பது மணிச்சத்து. சாம்பல் செய்த வேலையை வேறொரு வழியில் உரமூட்டை செய்கிறது.

பரிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. நாட்டுமருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதி, இலங்கையில் இரும்பு சல்பேற்று என்று கேட்டால் தெரியும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழிந்து, வெயில் தாழ்ந்தபின் கொழுந்து நனையத் தெளிக்க வேண்டும். அங்கே அந்தப் பழம் தேசிக்காய், வேலை ஒன்றுதான். புளிப்பு, இரும்பு கெட்டுப்போகாமல் காக்கிறது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். ஏற்கெனவே முற்றிய மஞ்சள் இலை முழுதாகத் திரும்பாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதை உடனே கட்டிவிடும், காசு வீண். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் பழக்கமும் பயன்படாது, துரு கரையாத இரும்பு. நெடுங்காலத்துக்கு உதவுவது மக்கிய குப்பையும் சருகும்தான். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் பூவரசங் குழையைத் தாழ்த்து மண்ணை வளமாக்கிய பழைய வழக்கம், சுண்ணாம்பு நிலத்துக்கு யாரோ நன்றாக யோசித்துக் கண்டுபிடித்த மருந்து. புகையிலைக்கு அவர்கள் செய்ததைச் செவ்வரத்தைக்கும் செய்யலாம். பிடித்துவைத்த மழைநீரை இடையிடையே ஊற்றினாலும் செடி முகம் தெளியும்.

இலை விளிம்பு மட்டும் கருகினால் அது உப்பு. யாழ்ப்பாணத் தீவகத்துக் கிணறுகளிலும் சென்னைக் கடற்கரைப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளிலும் பார்க்கலாம். தண்ணீரை மாற்றுவது தவிர வேறு வழி குறைவு. ஆடி மாதம் குடாநாட்டில் சோளகக் காற்று வீசும்போது அடி இலைகள் சில பழுத்து உதிர்வது நோயே இல்லை, செடி தன் தாகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இனி வெள்ளைப் பஞ்சு. தமிழ்நாட்டில் இதை மாவுப்பூச்சி என்றும் கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள், இலங்கை விவசாயத் திணைக்களத்தின் ஏடுகளில் வெண்மூட்டுப்பூச்சி. இதில் ஒரே வகை இல்லை. செம்பருத்தியின் கொழுந்து கொத்தாகக் குறுகி, இலை கசங்கி, முடிச்சுப் போட்டதுபோல நின்றால் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதன் உமிழ்நீரில் இருக்கும் நஞ்சுதான் கொழுந்தைத் திருகுகிறது. அது நம் பகுதியின் பழைய பூச்சி. மற்றொன்று பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் சேர்ந்தது. 2008இல் ஒரே ஆண்டில் கோவையிலும் இலங்கையின் மேல்மாகாணத்திலும் கண்டறியப்பட்டது. பப்பாளி அதன் முதல் விருப்பம், செம்பருத்தியும் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது.

அந்த ஆண்டுகள் நினைவிலிருப்பவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நிறையப் பேர். பப்பாளித் தோட்டம், மல்பெரி, மரவள்ளி, பருத்தி என எல்லாவற்றின்மேலும் வெள்ளை பூத்தது. மல்பெரி இலை கெட்டதால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தவித்தார்கள். காலி மனைகளில் மண்டிக் கிடந்த பார்த்தீனியமும் அதற்கு வீடானது. ஆகவே வாசல் செம்பருத்தியில் எவ்வளவு மருந்து அடித்தாலும் தெருவிலிருந்து மறுபடி வந்தது. புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குச் சிறகு இல்லை, ஆனால் காற்று அவற்றைத் தூக்கிப்போகும். கடையில் கொடுத்த நஞ்சும் ஒவ்வொரு வாரமும் கடுமையானது. மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கும் பூச்சியை அது சரியாகத் தொடவில்லை. தொட்டது அந்தப் பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகளை.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பூச்சிக்குக் குடியிருக்க இடம் கொடுப்பது வேலி. பூவரசும் செவ்வரத்தையும் ஒரே குடும்பம், வெண்டியும் பருத்தியும் துத்தியும் அதே குடும்பம். பூவரசங் கதியால் போட்ட வேலியின் ஓரத்தில் செவ்வரத்தை நட்டால், இரண்டுக்கும் ஒரே மாவுப்பூச்சி. செடியைச் சுத்தம் செய்துவிட்டு வேலியைப் பார்க்காதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். பார்த்தீனியம் இப்போது அங்கும் உண்டு. 1987இல் வந்த இந்திய அமைதிப் படையோடு அது வந்து சேர்ந்ததென்று ஊரில் சொல்வார்கள்.

பப்பாளி மாவுப்பூச்சியின் இந்தக் கொள்ளையை அடக்கியது மருந்தல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குளவி. அசெரோபேகஸ் பப்பாயே என்பது அதன் அறிவியற் பெயர். பப்பாளி மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும், பொரித்த புழு உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவரும். இலங்கை 2009இல் இதை வரவழைத்து விட்டது. இந்தியா 2010இல், பெங்களூரில் இருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகத்தின் வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இதையும் இதன் இரண்டு உறவினங்களையும் கொண்டுவந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வயல்களில் விட்டது. சில மாதங்களில் நிலைமை திரும்பியது. இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே பூச்சிக்கு, ஒரே குளவியை நம்பின, நம்பிக்கை பலித்தது. எனக்குத் தெரிந்து தோட்டக்கலை வரலாற்றில் நாம் எல்லாரும் பெருமைப்படக்கூடிய நிகழ்வு அது. ஆனாலும் இதைப் பற்றி வாசலில் செடி வளர்ப்பவர்களிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருப்பது அரிது.

தெரியாததால் வருகிற இழப்பு பெரிது. குளவி இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சில, வெள்ளை போய்ப் பழுப்பாக, உலர்ந்த கூடாக, ஒரு சிறு துளையோடு ஒட்டியிருந்தால் குளவி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கிளையை வெட்டி எரிக்கக் கூடாது, அதன்மேல் நஞ்சும் அடிக்கக் கூடாது. அடுத்தது, ஆஸ்திரேலியப் பொறிவண்டு. 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை இழை போர்த்தியிருக்கும். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி மக்கள் அதை நசுக்குகிறார்கள். வேறுபாடு எளிது: புழுவின் வெள்ளை இழைகள் நீளம், தொட்டால் விறுவிறுவென்று ஓடும். மாவுப்பூச்சி அசையச் சோம்பும். மூன்றாவது, ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி. அதன் கம்பளிப்புழு மாவுப்பூச்சிகளைத் தின்றே வளர்கிறது. கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கின் முகம் தெரியும். இரு நாடுகளிலும் இருக்கிறது. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

கடைக்குத் திரும்புவோம். கடையில் என்ன இருக்கிறதென்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. இந்த இடத்தில் இரண்டு நாடுகளும் வெகுவாகப் பிரிகின்றன. இலங்கையில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இல் வந்தது. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய நஞ்சுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. டைமெத்தோயேட், பெந்தியோன் ஆகியவை 2008 முதல் விலக்கப்பட்டன. காரணம் தோட்டமல்ல. நஞ்சு குடித்து உயிரை மாய்த்துக்கொள்வோர் தொகை அந்நாட்டில் பயங்கரமாக இருந்தது. தடைகளுக்குப் பின் அது பெருமளவு குறைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த முடிவு அது. இந்தியாவில் எண்டோசல்பான் போக 2011 ஆனது, அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதென்று 2005இலேயே சொன்னாலும் கடையில் அது வெகுகாலம் நின்றது. செம்பருத்தி காய்கறி இல்லையே என்ற கணக்கில் அது வாசலுக்கும் வந்தது. தலைக்குத் தேய்க்கும் இலை என்பதைக் கடைக்காரர் கேட்கவில்லை, வாங்கியவர் சொல்லவுமில்லை.

இப்போது இமிடாகுளோபிரிட் கொடுக்கிறார்கள். மணமில்லாத, பார்க்கச் சாதுவான மருந்து, அதனால் பயப்படுவதில்லை. ஆனால் அது செடிக்குள் ஊடுருவி இலைக்கும் பூவின் தேனுக்கும் போகக்கூடியது. செம்பருத்தியைத் தேடித் தேன்சிட்டு வருகிற முற்றத்தில், குளவியும் பொறிவண்டும் உயிரோடிருக்க வேண்டிய செடியில், அதற்கு இடமில்லை என்பது என் முடிவான கருத்து. பருத்தி விவசாயியின் கணக்கு வேறு, அவருக்கு விளைச்சல் வாழ்க்கை. வாசல் செடிக்கு நான்கு இலை போனால் எதுவும் மூழ்கிவிடாது.

இலங்கைத் தமிழரின் கைப்பழக்கத்தில் இன்னொரு வரலாறும் படிந்திருக்கிறது. 1990களில் போரின்போது பொருளாதாரத் தடை இருந்த நாள்களில் வடக்குக்கு யூரியா வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, பற்றரி வரவில்லை. சவர்க்காரம் அரிதாகிப் பனங்களியில் துணி தோய்த்தார்கள். பூச்சிமருந்தைப் பற்றி யாரும் கனவுகூடக் காணவில்லை. அந்தக் காலத்தில் செடி வளர்த்தவர்கள் இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பூச்சியிருந்தால் கையால் வழித்து, கெட்ட நுனியை ஒடித்து எரிக்கப் பழகினார்கள். “உதுக்கு மருந்து என்னத்துக்கு, ஆய்ஞ்சு போட்டு எரி பிள்ளை” என்பது வறுமை சொன்ன வார்த்தையாக இருந்தாலும் மாவுப்பூச்சிக்கு அதைவிடச் சரியான முதல் சிகிச்சை கிடையாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் இறக்குமதி செய்ய அரசு திடீரென்று தடைவிதித்து, நவம்பரில் விலக்கிக்கொண்டபோது நெல்லும் தேயிலையும் பெரும் அடி வாங்கின. ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது கொடுமை. வீட்டுச் செவ்வரத்தைக்கோ அதனால் ஒரு குறையும் வரவில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருந்தது.

தமிழ்நாட்டை உரக்கடையோடு மட்டும் சேர்த்துப் பேசினால் அநியாயம். 2013இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு இரசாயனத்தைக் கைவிட்ட வீடுகள் ஏராளம். மாடித்தோட்டக்காரர்களிடம் பஞ்சகவ்யம், தேமோர்க் கரைசல், ஐந்திலைக் கரைசல் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், அதனாலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். பஞ்சகவ்யமும் தேமோரும் செடிக்கு ஊக்கம் தருபவை. மாவுப்பூச்சியின் மெழுகை அவை ஊடுருவா. ஊக்கத்தால் துளிர்க்கும் இளங்கொழுந்து பூச்சிக்கு இன்னும் இனிப்பு. இயற்கையானது என்பதற்காக எந்தக் கரைசலும் எந்த நோய்க்கும் மருந்தாகிவிடாது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கரைசல் சொல்பவரிடமும் கேட்க வேண்டும்: இது எந்தப் பூச்சியை, எப்படிக் கொல்கிறது? மாடியில் தென்னை நார்க்கழிவுப் பையில் வளர்க்கும் செம்பருத்திக்குத் தனித் தொல்லைகளும் உண்டு. நார்க்கழிவு மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும், வேர் மூச்சுத் திணறும், இலை மஞ்சளாகும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தபின் தண்ணீர் ஊற்றினாலே அது தீரும்.

இரண்டு ஊரின் நல்ல பழக்கங்களைச் சேர்த்து நான் செய்வது இது. முதலில் எறும்பைப் பார்ப்பேன். தண்டில் எறும்புச் சாரி ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. எறும்பு அவற்றின் இனிப்புக் கழிவுக்காக அவற்றைக் காவல் காக்கிறது, குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டை கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் சாரி அறுந்துபோகும். வேலி, சுவர், பக்கத்துக் கிளை என்று வேறு பாலம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சிக்கு இயற்கை எதிரிகள் வந்து சேர இது ஒன்றே பாதி வழி திறந்துவிடும். பிறகு திருகிப்போன நுனிகளை வெட்டி, பழுப்புக் கூடு இல்லையென்று உறுதிசெய்துகொண்டு எரிப்பேன். மீதியைக் குழாய் நீரை விசையாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கம் கழுவுவேன். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீருக்கு 10 மில்லி, எண்ணெய் கலப்பதற்கு மட்டும் கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். அல்லது 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்த சாறு. வெயிலில் வேம்பின் வீரியம் சில நாளில் அழிந்துவிடும், ஆகவே மாலையில் அடித்து, வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். சித்திரை நடுப்பகலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துபோகும். சவர்க்காரமும் எண்ணெயும் மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும், குஞ்சுகளை நன்றாகவே கொல்லும், முட்டைப் பைக்குள் போகாது. திரும்ப அடிக்கச் சொல்வது இதனால்தான். அந்த வாரங்களில் தலை முழுக வேறு செடியின் இலையைப் பறிக்கலாம்.

இலைமேல் படியும் கறுப்பைத் தனி நோயாக எண்ணிப் பூஞ்சை மருந்து வாங்குகிறவர்கள் இருபுறமும் உண்டு. பூச்சியின் இனிப்புக் கழிவில் வளரும் பூஞ்சணம் அது. பூச்சி போனால் அதுவும் காய்ந்து உரியும். இலை நரம்பு தடித்து, மேல்நோக்கிக் கிண்ணமாக வளைந்து, பூச்சி எதுவும் கண்ணில் படாவிட்டால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, அந்தக் கிளையிலிருந்து பதியன் எடுக்காமலிருப்பதே உதவி.

யாரிடமாவது காட்டித்தான் தீரவேண்டுமென்றால் வழி இரண்டு நாட்டிலும் இருக்கிறது. அங்கே கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், 1920 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இங்கே வேளாண் அறிவியல் நிலையங்களும், 2004இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையமும். எங்கே போனாலும் ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். கொழுந்தும் முதிர்ந்த இலையும் சேர்ந்த ஒரு சிறு கிளையைக் காகிதப் பையில் கொண்டுபோங்கள். வாட்சப்பில் படம் அனுப்பினால் இலையின் அடிப்பக்கத்தையும், முழுச் செடியையும், சுற்றியிருக்கும் வேலியையும் சேர்த்து எடுங்கள். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறதென்றும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2019இல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே விமானம் வந்தது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் வந்தது. போக்குவரத்து பெருகியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய அடுக்குச் செம்பருத்திக் கம்பும் சேர்ந்து போகிறது. இரண்டு நாட்டுச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை: இலங்கையில் 1999ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. சுருள் வெள்ளை ஈ 1990இல் இலங்கையில் தென்பட்டது, 1993இல் கேரளத்தில். 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் அதன் இன்னொரு இனம் கண்டறியப்பட்டது, சில ஆண்டுகளில் அதுவும் இலங்கையில் இருந்தது. கணுவிடுக்கில் ஒளிந்திருக்கும் முட்டைப் பையை நம் கண்ணாலும் சுங்கச் சோதனையாலும் பிடித்துவிட முடியாது. அக்கரையில் இருக்கும் அக்காவுக்கு மஞ்சள் அடுக்குச் செவ்வரத்தை வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் நாற்றுமேடை வைத்திருப்பவர்களிடம் அவரே வாங்கிக்கொள்ளட்டும். அதற்கான பணத்தை நீங்கள் அனுப்புங்கள், கம்பை அனுப்ப வேண்டாம்.